தஞ்சாவூரில் ஒரு வருடம், மாதம் 3,000 வெள்ளி போதுமா? வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வந்து தங்கியவர்கள் சொல்லுங்கள்

கிள்ளான்காரி | ஜூன் 11

எல்லோருக்கும் வணக்கம். நான் மலேசியா, கிள்ளான். வயது 34. வீணை கற்க ஒரு வருட மாணவர் விசாவில் தஞ்சாவூர் வருகிறேன், ஜூலை 6 திருச்சியில் இறங்குகிறேன். தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறித் தோட்டத்து வேலைக்குப் போனவர். ஊர்ப்பெயரைத் தவிர எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை, அதனால் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு முயன்றும் நடக்கவில்லை. ஆக நான் அங்கே முழு வெளிநாட்டுக்காரிதான்.

மாதம் 3,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய் வருகிறது. தனி வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிட இது போதுமா? எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்? ஆதார் இல்லாமல் எங்கெல்லாம் நிற்க வேண்டியிருக்கும்? யூடியூபில் பார்த்தால் எல்லாம் கோயிலும் சாப்பாடும்தான். வாடகை, கேஸ், கரண்ட் பில் பற்றி யாரும் பேசுவதில்லை.

மன்னார்குடித் தம்பி | ஜூன் 11

வாங்க அக்கா. வெள்ளி என்று சொன்னதும் ஒரு நிமிஷம் கிழமை என்று நினைத்துவிட்டேன், அப்புறம்தான் புரிந்தது ரிங்கிட் என்று. 60,000 ரொம்பவே அதிகம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், தங்கை நான்கு பேருக்கும் 22,000 ரூபாயில் மாதம் ஓடுகிறது. தனி ஆளுக்கு 15,000 தாராளம்.

கும்பகோணம் வீட்டுக்காரர் | ஜூன் 12

தம்பி சொல்வது சொந்த வீடு, வயல் நெல், ரேஷன் கார்டு எல்லாம் இருக்கிற குடும்பத்தின் கணக்கு. அதை இவருக்குச் சொல்லாதீர்கள். வெறும் சூட்கேஸோடு வருகிறவருக்கு வாளி முதல் வாங்க வேண்டும்.

நான் பாணாதுறைப் பக்கம் மாடி வீட்டை வாடகைக்கு விடுகிறவன். காரைக்காலில் இருந்து வந்த பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர் ஒருவர் இரண்டு வருடம் எங்கள் மாடியில் இருந்தார். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன் அம்மா.

வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அதைத்தான் சி ஃபார்ம் என்பார்கள். லாட்ஜுக்கும் அதே விதிதான், சொந்தக்காரர் வீடு என்றாலும் அதே விதிதான். எங்கள் ஊர்ப் பக்கம் பத்து வீட்டுக்காரரில் எட்டுப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரிந்தால் போலீஸ், வம்பு என்று பயந்து வீடே இல்லை என்றுவிடுவார்கள். அதனால் வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன்பே "எனக்கு மலேசியப் பாஸ்போர்ட், நீங்கள் சி ஃபார்ம் போட்டுத் தர வேண்டும், எப்படி என்று நானே உட்கார்ந்து காட்டுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அதற்குச் சரி என்கிறவர் வீடு 1,000 ரூபாய் கூட இருந்தாலும் அதை எடுங்கள்.

அட்வான்ஸ் பற்றி. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய. நடப்பில் ஐந்து மாதம் கேட்பார்கள், பேசினால் குறையும். ஒத்திக்கு வீடு தருகிறேன், மூன்று லட்சம் கொடுங்கள், வாடகையே வேண்டாம் என்று யாராவது வந்தால் பக்கத்தில் போகாதீர்கள். உள்ளூர்க்காரர்களே அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அலைகிறார்கள்.

இன்னொன்று. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், வீட்டுக்காரரும் விட மாட்டார். அதற்கு முன்பே பால் காய்ச்சிவிடுங்கள்.

கரந்தை அக்கா | ஜூன் 12

பகுதி கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் வசதி, வாடகை கூட. நாஞ்சிக்கோட்டை சாலை, அருளானந்த நகர் அமைதியாக இருக்கும். மேலவீதி, தெற்கு வீதி பழைய வீடுகள், கோயிலுக்கு நடந்து போகலாம், ஆனால் காற்றும் வெளிச்சமும் வருகிறதா என்று பகலில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால்தான் அந்தச் சலுகை உங்களுக்கு. வீட்டுக்காரர் மீட்டரில் இருந்து கிளை மீட்டர் போட்டிருந்தால் யூனிட்டுக்கு 8, 10 என்று அவர் சொல்வதுதான் விலை. ஏசி ஓட்டுகிற ஆளாக இருந்தால் வாடகையைவிட இதை முதலில் கேளுங்கள்.

கேஸுக்கு ஆதார், முகவரி என்று அலைய வேண்டாம், 5 கிலோ சின்ன சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமல் அடையாளச் சான்று ஒன்றை மட்டும் காட்டி வாங்கலாம். ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். காய்க்கு உழவர் சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போங்கள், விலை பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், பேரமே வேண்டாம். புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் நல்லது, எது என்ன விலை என்று கண்ணுக்குப் பழகிவிடும், அப்புறம் தெருவில் வருகிற வண்டிக்காரரிடமும் ஏமாற மாட்டீர்கள்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சாதாரணக் கட்டண பஸ், முன்பக்கம் பிங்க் பெயின்ட் அடித்திருக்கும். ஆதார் கேட்பதில்லை, எந்த நாடு என்றும் கேட்பதில்லை. ஏறி உட்காருங்கள். ஆட்டோவில் மீட்டர் ஓடாது, ஏறும் முன் பேசிவிடுங்கள்.

மாயவரம் பெரியவர் | ஜூன் 13

சிங்கப்பூரில் 31 வருடம் இருந்துவிட்டு, அந்த ஊர்ப் பாஸ்போர்ட்டோடு மயிலாடுதுறைக்குத் திரும்பி வந்தவன் நான். என்னிடம் ஓசிஐ இருக்கிறது, அதனால் உங்கள் அளவு சிரமம் இல்லை. பணம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இங்கே தேங்காய்க் கடையில்கூட ஜிபே. வெளிநாட்டு கார்டு பெரிய கடையில்தான் ஓடும். மாணவர் விசாக்காரர்கள் பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம் இவற்றைக் காட்டி என்ஆர்ஓ என்கிற ரூபாய் வங்கிக் கணக்கு தொடங்கலாம், உள்ளூர் முகவரிச் சான்றை 30 நாளுக்குள் கொடுத்தால் போதும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. கவுன்டரில் இருக்கும் பிள்ளைக்கு இது தெரியாமல் ஆதார் கேட்கும். கோபப்படாமல் மேலாளரைப் பாருங்கள். அது வரைக்கும் கையில் ரொக்கம், அதுவும் 100, 50 தாள்களாக.

விசா 180 நாளுக்கு மேல் என்பதால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், மறக்காதீர்கள். இங்கே 182 நாள் தங்கிய பிறகு வெளிநாட்டவரும் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம், விசா முடியும் வரை செல்லும்.

கிள்ளான்காரி | ஆகஸ்ட் 9

வந்துவிட்டேன். இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை, மன்னியுங்கள். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், அடுத்து வருகிறவருக்கு உதவும்.

வீட்டுக்காரர் ஐயா சொன்னதைப் படித்தும் நான் தப்பு செய்தேன். கிள்ளானில் இருந்தே புரோக்கர் ஒருவரிடம் ஃபோனில் பேசி, படம் பார்த்து, அவர் கமிஷனாக 8,000 அனுப்பிவிட்டேன். சி ஃபார்ம் பற்றி அவரிடம் சொன்னேன், "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்றார். ஜூலை 8 அன்று சாவி வாங்கப் போனால் வீட்டுக்கார அம்மாவுக்கு நான் வெளிநாடு என்பதே அப்போதுதான் தெரிகிறது. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, அன்பாகத்தான் சொன்னார், வேண்டாம்மா என்று. புரோக்கர் பாதிப் பணம்தான் திருப்பித் தந்தார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாளில் பதினொரு வீடு பார்த்தேன். அதில் ஆறு வீட்டில் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?" முதல் முறை எனக்குப் புரியவே இல்லை, மலேசியா ஆளு என்று சொன்னேன். இரண்டு பேர் சைவமா என்று கேட்டார்கள், அது எனக்குப் பெரிதாகப் படவில்லை, அவரவர் வீட்டுச் சமையலறை. சாதி கேட்டது அப்படி இல்லை. தாத்தா அந்தப் பேச்சு காதில் விழாத இடத்துக்குத்தான் கப்பல் ஏறினார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். லாட்ஜுக்குத் திரும்பி வந்து அன்று இரவு அழுதேன்.

அப்புறம் ஆடி பிறந்துவிட்டது. காலி வீடு எதிரிலேயே இருக்கும், ஆவணியில் வாங்க என்பார்கள். 14 நாள் கெடு ஓடிக்கொண்டிருந்ததால் லாட்ஜ்காரர் போட்ட சி ஃபார்மையும் வகுப்பில் கொடுத்த கடிதத்தையும் வைத்துப் பதிவை முடித்தேன், எல்லாம் இணையத்திலேயே நடந்தது, நேரில் கூப்பிடவில்லை. வீடு மாறியதும் அதே தளத்தில் முகவரி மாற்றம் போட வேண்டும்.

கடைசியில் நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "ஆடியில் பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானே, அன்றைக்குப் பால் காய்ச்சு" என்றார். சி ஃபார்ம் என்றதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, காட்டு, எங்கே கிளிக் பண்ணணும் என்று உட்கார்ந்துவிட்டார். அவர் என்னை எந்த ஆள் என்று கேட்கவே இல்லை. பசியாறிட்டியா என்று நான் கேட்டதும் சிரித்தார், நாகூரில் வேலை பார்த்தபோது கேட்ட வார்த்தையாம். ஆகஸ்ட் 3 குடி வந்தேன்.

இப்போது கணக்கு. லாட்ஜ் 28 இரவு, நாளுக்கு 900, மொத்தம் 25,200. புரோக்கரிடம் போனது 4,000. ஹோட்டல் சாப்பாடு 9,500. ஆட்டோ 5,300. அட்வான்ஸ் 45,000, முதல் வாடகை 9,000. கட்டில் மெத்தை, பழைய ஃப்ரிட்ஜ், மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு, பாத்திரம், வாளி, பழைய சைக்கிள் எல்லாம் சேர்த்து 31,000. ஆக 1,29,000 ரூபாய். திரும்பி வரும் அட்வான்ஸைக் கழித்தாலும் 84,000. 15,000 போதும் என்று நம்பி வந்திருந்தால் என் கதி என்ன?

மன்னார்குடித் தம்பி | ஆகஸ்ட் 9

அக்கா, நான் சொன்ன கணக்குக்கு மன்னித்துவிடுங்கள். நிஜமாகவே வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் எனக்கு இல்லை. சாதி கேட்டது எங்கள் ஊர்க்காரர்கள் என்று படிக்கும்போது உடம்பு கூசுகிறது.

கும்பகோணம் வீட்டுக்காரர் | ஆகஸ்ட் 10

நடந்தது வருத்தம்தான். ஒன்று சொல்ல வேண்டும், கேட்கிற எல்லோரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆளைத் தெரிந்துகொள்ள எங்கள் தலைமுறைக்கு அந்த ஒரு வழிதான் பழக்கம், சொந்தம் யார், தெரிந்தவர் யார் என்று அதில் பிடித்துப் போவோம்.

மாயவரம் பெரியவர் | ஆகஸ்ட் 10

ஐயா, நான் உங்களோடு இதில் ஒத்துப்போக மாட்டேன். ஆளைத் தெரிந்துகொள்ள வேலை என்ன, முன்பு இருந்த வீட்டுக்காரர் யார், அவர் நம்பர் என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். சாதி தெரிந்தால் வாடகை ஒழுங்காக வருமா? அந்தக் கேள்வியால் வீடு கிடைக்காமல் போனவர்கள் வெளிநாட்டில் இருந்து வர வேண்டியதில்லை, இதே தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்து கல்லூரிக்கு வந்த பிள்ளைகளே இருக்கிறார்கள்.

கும்பகோணம் வீட்டுக்காரர் | ஆகஸ்ட் 11

இரவெல்லாம் யோசித்தேன். காரைக்கால்காரரிடம் நானும் கேட்டேன், அவர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினார், அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நீங்கள் சொல்வது சரி. அடுத்து வருகிறவரிடம் கேட்க மாட்டேன்.

கிள்ளான்காரி | டிசம்பர் 18

நான்கு மாதக் கணக்கு கையில் இருக்கிறது, மாதச் சராசரி எழுதுகிறேன். வாடகை 9,000. கரண்ட் 650, தனி மீட்டர். மளிகை, காய், மீன் 5,500. பால் 600. கேன் தண்ணீர் எட்டு, 280 ரூபாய். ஃபோன், இணையம் 900. ஆட்டோ 800, மற்றதெல்லாம் சைக்கிளும் டவுன் பஸ்ஸும். வெளிச் சாப்பாடு, காபி 2,500. வாசல் தெளித்து வீடு துடைக்க வருகிற அக்காவுக்கு 1,500. வீணை வகுப்பு 5,000. மருந்து, துணி, ஊர் சுற்றுவது 3,000. கூட்டினால் 29,730. ஆக 1,500 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. நினைத்து வந்ததில் பாதி.

விலை ஒன்றும் குறையவில்லை, எனக்கு ஊர் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். முதல் மாதம் பழைய பேருந்து நிலையத்தில் இருந்து 150 கொடுத்து ஆட்டோவில் போன தூரத்துக்கு இப்போது டவுன் பஸ். ஹோட்டலில் 120 ரூபாய் சாப்பாடு சாப்பிட்ட இடத்தில் இப்போது காலையில் பொங்கிய சோறும் குழம்பும். வெள்ளியில் மாற்றிப் பார்க்கும் பழக்கம் செப்டம்பரில் போய்விட்டது. அது வரைக்கும் எல்லாமே மலிவாகத் தெரிந்து கணக்கில்லாமல் செலவழித்தேன்: 400 ரூபாயா, 20 வெள்ளிதானே என்று. இப்போது கத்தரிக்காய் கிலோ பத்து ரூபாய் ஏறினால் எனக்கும் கோபம் வருகிறது.

வங்கிக் கணக்கு மூன்றாவது முயற்சியில் கிடைத்தது, மாயவரம் ஐயா சொன்ன மாதிரி மேலாளர்தான் விதியை எடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் யுபிஐ. சிம் கார்டு பாஸ்போர்ட், விசா காட்டி வாங்கினேன், ஓடிபி வர உள்ளூர்க்காரர் ஒருவர் நம்பர் கேட்டார்கள், வகுப்புத் தோழி கொடுத்தாள்.

மழைக்காலம் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே! ஐப்பசி, கார்த்திகையில் துணி மூன்று நாள் காயவில்லை. விளக்கைப் போட்டால் வயல் பூச்சி அத்தனையும் வீட்டுக்குள். ஜன்னலுக்குக் கொசு வலை அடிக்க 2,600 ஆனது, குடி வரும்போதே அடித்திருக்க வேண்டும். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் இருந்து மாலை வரை கரண்ட் இருக்காது, முதல் நாளே பேப்பரில் போடுவார்கள், டேங்கில் தண்ணீர் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலம் வேறு இருக்கிறது, வீணையில் மெட்டுகளை, அதாவது விரல் வைக்கும் குறுக்குக் கம்பிகளை, பதித்த மெழுகு சூட்டில் இளகும் என்று ஆசிரியர் இப்போதே பயமுறுத்துகிறார். சித்திரையில் வீணைக்காகவாவது ஒரு ஏர் கூலர் வாங்க வேண்டும்.

காரைக்கால் ரெனே | டிசம்பர் 19

இழையில் என் மாதிரி ஆட்களும் வருகிறார்கள் என்று பார்த்துச் சந்தோஷம். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், மருத்துவக் காப்பீடு. வெளிநாட்டில் எடுத்த பாலிசியில் பணத்தை முதலில் நாம் கட்டிவிட்டுத்தான் பிறகு வாங்க முடியும். டெங்குவில் ஐந்து நாள் படுத்தேன், 46,000 கையில் இருந்து போனது, பாரிஸில் இருந்து திரும்பி வர நான்கு மாதம். ஒரு லட்சம் ரூபாயைத் தொடாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ் தவில் | டிசம்பர் 27

வணக்கம் அக்கா, ஐயாமார். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்ர தம்பி தவில் பழக மாணவர் விசாவில தஞ்சாவூர் வாறான், தை மாதம். காங்கேசன்துறையில கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில இறங்கலாம் எண்டு யோசனை. முதல் மாதம் எவ்வளவு காசு முடியும்? வயசு 22, சமையல் தெரியாது.

கரந்தை அக்கா | டிசம்பர் 27

கப்பல் மழைக்காலத்தில் நின்றுவிடும், மறுபடி ஓட ஆரம்பித்ததா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். மார்கழியிலும் யாரும் குடிபோக விட மாட்டார்கள், தை பிறந்த பிறகுதான். தையை ஒட்டித் திருவையாறு தியாகராஜர் ஆராதனை வேறு, அந்த ஐந்து நாளும் திருவையாற்றிலும் தஞ்சாவூரிலும் லாட்ஜ் கிடைப்பது கஷ்டம். ஆராதனை தேதியைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு வரட்டும், அல்லது இப்போதே அறை சொல்லி வையுங்கள். சமையல் தெரியாத பையனுக்குத் தனி வீடு வேண்டாம், வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து இருக்கட்டும்.

கிள்ளான்காரி | டிசம்பர் 28

முதல் மாதத்துக்கு அட்வான்ஸோடு ஒரு லட்சம் இந்திய ரூபாய் கையில் இருக்கட்டும், மூன்றாம் மாதம் முதல் பகிர்ந்து தங்கினால் 15,000க்குள் முடிந்துவிடும். மன்னார்குடித் தம்பி சொன்ன தொகை இங்கேதான் பொருந்துகிறது.

எங்கள் வீட்டுக்கார டீச்சரம்மாவிடம் கேட்டேன். பக்கத்துத் தெருவில் அவர் அண்ணன் வீட்டு மாடியில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், மூன்றாவது ஆளுக்கு இடம் உண்டு, ஆளுக்கு 3,000. சி ஃபார்ம் தானே போட்டுத் தருவதாக டீச்சரே சொல்லிவிட்டார், இப்போது அவருக்கு அது மனப்பாடம். ஒரே நிபந்தனை, தவில் சாதகம் இரவு எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், கீழே அண்ணனுக்கு இதய ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தம்பிக்குச் சரி என்றால் தனிச்செய்தியில் எழுதுங்கள், பாஸ்போர்ட், விசாப் பக்கம் இரண்டையும் இங்கே பொதுவில் போட வேண்டாம்.

நான் ஜூன் கடைசியில் கிளம்புகிறேன். ஃப்ரிட்ஜ், கட்டில், சைக்கிள் மூன்றையும் தம்பியே எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் மட்டும் தளர்ந்திருக்கிறது, கீழவாசலில் 400 ரூபாய்க்கு மாற்றித் தருகிறார்கள், அதற்குள் நானே மாற்றி வைக்கிறேன்.